‘பிடிக்கவில்லை’ என்பதும் ‘வெறுக்கிறார்கள்’ என்பதும் ஒன்றா?



தொடக்கநிலை மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும் எவருக்கும் சில வாக்கியங்கள் அடிக்கடி கண்ணில் படும். ‘நான் பாகற்காயை வெறுக்கிறேன்’, ‘என் அண்ணன் கணக்குப் பாடத்தை வெறுக்கிறான்’, ‘என் நண்பர்கள் என்னை வெறுக்கிறார்கள்’, ‘நான் எல்லாராலும் வெறுக்கப்படுகிறேன்’ என்பன அவற்றுள் சில. இலக்கணப்படி இவற்றில் குற்றம் காண இயலாது. எழுவாயும் பயனிலையும் பொருந்தியுள்ளன. வேற்றுமை உருபுகள் உரிய இடத்தில் நிற்கின்றன. ஆகவே சரியென்று குறியிட்டுவிட்டு அடுத்த வரிக்குச் செல்வதே பெரும்பாலும் நடைமுறை.

அவ்வாறு கடந்துசெல்வது தகாது என்பது என் கருத்து. ஒருவரை மற்றவருக்குப் பிடிக்காமல் போவதைக் கூறத் தமிழில் ஒரு சொல் மட்டும் இல்லை. பல படிகளாகப் பல சொற்கள் உள்ளன. அவற்றுள் மிகவும் கனமான படிகளுள் ஒன்றில் நிற்பது ‘வெறுப்பு’. பிள்ளையின் கையில் அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு மற்றவற்றைக் கொடாமல் விட்டால், அப்பிள்ளை தன் மனத்தில் உள்ளதை அளவோடு சொல்ல இயலாது. கேட்கும் நாமும் அதன் அளவை அறிய இயலாது.

இச்சொல் எவ்வழியாக வந்தது என்பதை முதலில் பார்ப்போம். சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்ட வயதும் உடைய குடியிருப்பாளர்களுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசியோர் 3.3 விழுக்காட்டினர். 2020ஆம் ஆண்டில் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே பத்தாண்டுகளில் வீட்டில் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோர் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தனர். நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் எழுதுகின்றனர். ஆங்கிலம் பேசும் சிறுவர்களிடையே ‘ஹேட்’ என்பது மிகவும் இலேசான சொல். காய்கறிக்கும் அதுவே, மழைக்கும் அதுவே, வீட்டுப்பாடத்துக்கும் அதுவே. அகராதியைப் பார்த்தால் அதற்கு நேராக ‘வெறு’ என்று இருக்கிறது. பிள்ளை அதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் இலேசாக இருந்த சொல் தமிழுக்கு வந்ததும் பாறையாகக் கனக்கிறது. அக்கனம் பிள்ளைக்குத் தெரியாது.

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும் தாய்மார்களின் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். ‘பையனுக்குப் பாகற்காய் பிடிக்காது’ என்பார்கள். ‘பையன் பாகற்காயை வெறுக்கிறான்’ என்று தமிழில் பேசிப் பழகிய எவரும் கூறார். கூறினால் கேட்பவர் சிரிப்பார். சிராங்கூன் சாலையில் தஞ்சை வழக்கும் கேட்கலாம், இராமநாதபுரத்து வழக்கும் கேட்கலாம், மூன்று தலைமுறையாக இங்கேயே வாழ்வோரின் வழக்கும் கேட்கலாம். இவ்வொன்றில் எல்லா வழக்கும் ஒத்துப்போகின்றன. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று கூறுவதுண்டு. அதுவும் வெறுப்பன்று.

நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய சொற்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

முதலாவது, ‘பிடிக்கவில்லை’. இன்று, இவ்விடத்தில், இச்செய்தியில் மனம் பொருந்தவில்லை என்பது இதன் பொருள். நாளை மாறலாம்.

இரண்டாவது, ‘பிடிக்காது’. இது சற்று உறுதியானது. வழக்கமாகவே இயல்பாகவே பொருந்தாது என்று பொருள்படும். ‘அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்பதற்கும் ‘அவனுக்கு என்னைப் பிடிக்காது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்கநிலை நான்கு மாணவருக்கு எளிதாக விளக்கிவிடலாம். முன்னது இப்போதைய நிலையைக் கூறுகிறது. பின்னது நிலைபெற்ற தன்மையைக் கூறுகிறது.

மூன்றாவது, ‘ஆகாது’. ‘எனக்கும் அவனுக்கும் ஆகாது’ என்றால் குற்றம் ஒருவர்மேல் மட்டும் சுமத்தப்படுவதில்லை. இருவருக்கும் இடையே பொருத்தம் இல்லை என்றே ஆகிறது. உடல்நலம் பற்றிப் பேசும்போதும் இச்சொல் வரும். ‘அவளுக்கு நிலக்கடலை ஆகாது’, ‘ஒத்துக்கொள்ளாது’ என்றால் உண்டால் உடல் தாங்காது என்று பொருள். மருத்துவத்தில் இதையே ஒவ்வாமை என்கிறோம். ‘பிடிக்காது’ என்பதற்கும் ‘ஆகாது’ என்பதற்கும் வேறுபாடு அறியாத பிள்ளை பள்ளி உணவகத்திலோ உறவினர் வீட்டிலோ தவறாகச் சொல்லிவிட்டால் என்ன நேரும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘கொஞ்சம் சாப்பிடு, பழகிவிடும்’ என்று அன்போடு ஊட்டிவிடுவோர் நம்மிடையே குறைவில்லை.

நான்காவது, ‘காய் விடுதல்’. தமிழ்நாட்டுச் சிறுவர்கள் நட்பை முறித்துக்கொண்டால் ‘காய்’ என்பார்கள். மீண்டும் சேர்ந்தால் ‘பழம்’ என்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் இதையே ‘ஐ டோண்ட் ஃபிரெண்ட் யூ’ என்கிறார்கள். காலையில் காய், மாலையில் பழம். காய் என்றைக்கேனும் பழுக்கும் என்னும் நம்பிக்கை அச்சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. இவ்விரு சொற்களையும் நம் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம்.

ஐந்தாவது, ‘வெறுத்துப்போதல்’. ‘தினமும் ரொட்டி தின்று வெறுத்துப்போயிற்று’ என்றால் சலித்துவிட்டது என்று பொருள். இங்கே வெறு என்னும் அடி இருந்தாலும் பகைமை இல்லை. ‘வெறுப்பேற்றாதே’ என்பதும் அத்தகையதே. எரிச்சலூட்டாதே என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆயின் ‘எனக்கு எல்லாமே வெறுத்துப்போயிற்று’ என்று ஒரு பிள்ளை கூறினால் அதை ரொட்டியோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. அமர்ந்து கேட்க வேண்டிய வாக்கியம் அது.

ஆறாவது, ‘வேண்டாதவர்’. பிறர் ஒருவரை ஒதுக்கிவைத்த நிலையை இச்சொல் காட்டுகிறது. வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்பது பழமொழி. அவள் என்ன செய்தாள் என்பது அங்கே பொருட்டன்று. அவள் வேண்டாதவள் என்று முன்னரே முடிவுசெய்யப்பட்டுவிட்டது. வகுப்பறையிலும் இந்நிலை உண்டு. குழு வேலைக்கு ஆள் சேர்க்கும்போது எந்தக் குழுவும் அழைக்காத பிள்ளை யார் என்று கவனித்தால் புரியும்.

இவற்றுக்கும் மேலே ‘வெறுப்பு’. அதற்கு அப்பால் ‘பகை’.

இப்படிகளை அறிந்தபின், ‘பிடிக்கும்’ என்னும் சொல்லின் வாக்கிய அமைப்பைப் பார்க்க வேண்டும். நம் மாணவர் பலர் ‘நான் ஐஸ்கிரீம் பிடிக்கும்’ என்று எழுதுவதை அறிவீர்கள். ஆங்கிலத்தில் விரும்புபவர் எழுவாயாக வருவதால் நேரும் பிழை இது. தமிழில் விரும்புபவர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார்: ‘எனக்குப் பிடிக்கும்’, ‘அவனுக்குப் பிடிக்காது’. உருபை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும். ‘அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்பதை ‘அவன் என்னைப் பிடிக்கவில்லை’ என்று எழுதினால், ஓடிப்பிடித்து விளையாடும்போது அவன் கையில் நான் சிக்கவில்லை என்று ஆகிவிடும்! இந்த எடுத்துக்காட்டை வகுப்பில் கூறிப் பாருங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். வேற்றுமை உருபை அதன்பின் மறக்கமாட்டார்கள்.

இவ்வமைப்பில் இலக்கணத்துக்கு அப்பாலும் ஒரு பயன் உண்டு. ‘பிடிக்கவில்லை’ என்றவுடன் இரண்டு வினாக்கள் தாமாகவே எழுகின்றன. ஒன்று ‘யாருக்கு?’, மற்றொன்று ‘எதை?’ என்பது.

‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று ஒரு பிள்ளை கூறினால், ‘யாருக்கு?’ என்று கேட்பது இயல்பு. ‘எல்லாருக்கும்’ என்று முதலில் கூறும். ‘எல்லாருக்குமா? பெயர் சொல், பார்ப்போம்’ என்றால் பெரும்பாலும் ஒருவர் பெயரோ இருவர் பெயரோதான் வரும். மனத்துக்குள் முப்பது பேராக வளர்ந்து நின்ற துன்பம் இருவராகச் சுருங்குகிறது. இருவரோடு பேசித் தீர்க்கலாம். முப்பது பேரோடு என்ன செய்வது?

‘வெறுக்கப்படுகிறேன்’ என்னும் செயப்பாட்டுவினையில் இவ்வினாவுக்கு இடமில்லை. செய்தவரைக் குறிக்காமலே அவ்வாக்கியம் முழுமை பெற்றுவிடுகிறது. பேச்சுத்தமிழில் இத்தகைய ‘படு’ வடிவம் அரிதாகவே வரும். எந்தப் பாட்டியும் பேரனிடம் ‘நீ வெறுக்கப்படுகிறாயா?’ என்று கேட்டிருக்கமாட்டார். ‘உன்னை யாருக்கு ஆகவில்லை?’ என்றே கேட்டிருப்பார். 2005ஆம் ஆண்டுத் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் பரிந்துரைகளுக்குப் பின்னர், சிங்கப்பூர் வகுப்பறைகளில் படித்தவர் பேசும் பேச்சுத்தமிழுக்கும் உரிய இடம் அளிக்கப்பட்டது. அதன் பயன் வாய்மொழித் தேர்வோடு நின்றுவிடக் கூடாது. மனத்துயரை எடுத்துரைக்கும் மொழியாகவும் அது பிள்ளைக்குப் பயன்பட வேண்டும். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சிக்கு ‘பாலம் கட்டப்பட்டது’, ‘பரிசு வழங்கப்பட்டது’ என்பன போதும். மன உணர்வைக் குறிக்கும் வினைகளை அப்பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நலம்.

இனி இரண்டாவது வினா, ‘எதை?’ என்பது. இது பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கு உரியது. ‘உன்னை எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்கும் ‘நீ செய்தது எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. முன்னதில் பிள்ளையே பிடிக்காத பொருளாகிறது. பின்னதில் அதன் செயல் மட்டும் பிடிக்காத பொருளாகிறது. செயலை நாளை மாற்றிக்கொள்ளலாம். தன்னையே எப்படி மாற்றிக்கொள்வது? ‘இப்படிச் செய்தால் யாருக்கும் உன்னைப் பிடிக்காது’ என்று அடங்காத பிள்ளையை மிரட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பெற்றோர்களே, தயவுசெய்து அவ்வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அதைச் சொன்ன அன்றே நாம் மறந்துவிடுவோம். கேட்ட பிள்ளை அதைச் சேர்த்து வைத்திருந்து, பள்ளியில் ஒரு தோழி முகம் திருப்பிக்கொண்ட அன்று, ‘அம்மா சொன்னது சரிதான்’ என்று எண்ணிக்கொள்ளும்.

என் கருத்துக்கு ஒரு மறுப்பு எழக்கூடும். ‘சொற்களின் பொருள் காலந்தோறும் மாறுகிறதே! வெறுப்பு என்னும் சொல்லும் இலேசாக மாறிவிட்டுப் போகட்டுமே, அதில் உமக்கு என்ன?’ என்று கேட்கலாம். சொற்பொருள் மாறுவது உண்மைதான். இச்சொல்லே அதற்குச் சிறந்த சான்று. தொல்காப்பியம் உரியியலில் ‘வெறுப்பு’ என்னும் சொல்லுக்குக் கூறப்படும் பொருள் செறிவு என்பதாகும். நெருக்கம், அடர்த்தி என்று கொள்ளலாம். திருக்குறளில் ஊக்கமுடைமை, படைமாட்சி, பெருமை ஆகிய அதிகாரங்களில் வரும் ‘வெறுக்கை’ என்னும் சொல் செல்வத்தையும் மிகுதியையும் குறிக்கிறது. பகைமையின் சாயலே அங்கே இல்லை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் பழம்பொருளையும் இக்காலப் பொருளையும் அருகருகே காணலாம். செறிவைக் குறித்த சொல் வெறுப்பைக் குறிக்கும் சொல்லாக நின்றுவிட்டது. நாளை வேறொன்றாகவும் ஆகலாம்.

ஆயின் பேசுவோர் பலர், பல தலைமுறைகளாக வழங்கி வழங்கி ஒரு சொல்லின் பொருளை மாற்றுவது வேறு. பக்கத்தில் உள்ள பத்துச் சொற்களை அறியாத காரணத்தால் ஒரே சொல்லை எல்லா இடத்துக்கும் இழுப்பது வேறு. முன்னது மொழியின் வளர்ச்சி. பின்னது கற்பவரின் இல்லாமை. இல்லாமையைப் போக்குவது நம் தொழில் அல்லவா?

மேலும், இந்த ஊரில் அச்சொல்லைக் கனம் குறையாமல் காத்துவைக்க வேண்டிய தேவை உண்டு. ஆண்டுதோறும் சூலை 21ஆம் நாளையொட்டி நம் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளைக் கொண்டாடுகிறோம். 1997ஆம் ஆண்டு முதல் இது நடைபெற்று வருகிறது. 1964ஆம் ஆண்டு அதே நாளில் வெடித்த கலவரத்தில் 23 பேர் உயிரிழந்தனர், 454 பேர் காயமடைந்தனர். அந்நாளின் பொருளைப் பிள்ளைகளுக்கு விளக்க நமக்கு ‘இனவெறுப்பு’ என்னும் சொல் வேண்டும். பாகற்காய்க்கும் அதே சொல், கணக்குப் பாடத்துக்கும் அதே சொல் என்று பழகிய பிள்ளைக்கு, அண்டை வீட்டாரையே தாக்கத் தூண்டிய அந்த உணர்வை எச்சொல்லால் உணர்த்துவது?

நான் கூறுவதைப் பிள்ளையின் வேதனையைச் சிறிதாக்கிக் காட்டும் முயற்சியாக எவரும் கொள்ள வேண்டா. உண்மையாகவே வெறுக்கப்படும் பிள்ளைகள் உண்டு. நிறத்துக்காக, திக்கிப் பேசுவதற்காக, உணவு டப்பாவைத் திறந்தவுடன் வரும் மணத்துக்காக நாள்தோறும் இழிவுபடுத்தப்படும் பிள்ளை ‘என்னை வெறுக்கிறார்கள்’ என்று எழுதினால், அங்கே அச்சொல் சரியான இடத்தில் நிற்கிறது. அதைத் திருத்த எவருக்கும் உரிமையில்லை. ‘சும்மா விளையாட்டுக்குச் செய்திருப்பார்கள், பெரிதாக்காதே’ என்று அச்சொல்லை அப்பிள்ளையிடமிருந்து பறிப்பது, தேவையில்லாத இடத்தில் அதைக் கொடுப்பதைவிடப் பெரிய தீங்கு. இலேசான இடங்களில் அச்சொல்லைத் தவிர்க்கக் கற்பிப்பது, கனமான இடத்தில் அது வந்தவுடன் நாம் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே.

இங்கே தமிழாசிரியருக்கென்று ஒரு தனிப் பொறுப்பு உண்டு. தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பல வகுப்புகளிலிருந்து பிரிந்து வருகின்றனர். அவர்களுடைய வகுப்பாசிரியர்களுள் பெரும்பாலோர்க்குத் தமிழ் தெரியாது. ஒரு பிள்ளை தமிழ்க் கட்டுரையில் தன் மனத்தைத் திறந்து எழுதினால், அப்பள்ளியில் அதைப் படிக்கக்கூடியவர் ஒருவரோ இருவரோதான். அச்செய்தியை வகுப்பாசிரியருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் ஆங்கிலத்தில் எடுத்துக் கூறுபவரும் அவரே. பிள்ளை எழுதியதை அப்படியே பெயர்த்துக் கூறினால் சில வேளை இல்லாத பூதம் எழும்பும். சில வேளை இருக்கும் பூதம் மறைந்துவிடும். எனவே பெயர்க்கும் முன்னர்ப் பிள்ளையை அழைத்துக் கேட்க வேண்டும்.

என்ன கேட்கலாம்? எனக்குப் பயன் தந்த சில வினாக்களைக் கூறுகிறேன். யாருக்கு உன்னைப் பிடிக்கவில்லை? எப்போதிலிருந்து? எப்போதுமா, சில நேரமா? அவர்கள் உன்னிடம் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள்? உன்னோடு சேர்ந்து உண்பவர் யார்? உனக்கு அவர்களைப் பிடிக்குமா? இந்த ஆறு வினாக்களுக்கும் விடை கிடைத்தால், அது காயா, ஆகாமையா, ஒதுக்கலா, வெறுப்பா என்பது ஏறத்தாழ விளங்கிவிடும். கடைசி இரண்டுமாக இருந்தால் அன்றே வகுப்பாசிரியரிடம் கூறிவிட வேண்டும். நாளை பார்க்கலாம் என்று ஒத்திவைப்பது தகாது. நம்மிடம் பேசத் தயங்கும் பிள்ளைக்குச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1984ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் ‘டிங்கிள் ஃபிரெண்ட்’ உதவிச் சேவை இருப்பதையும் சொல்லிவைக்கலாம்.

வீட்டில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பிள்ளை ‘ஐ ஹேட் இட்’ என்று கூறும்போது, ‘அப்படிப் பேசாதே’ என்று அடக்காதீர்கள். ‘பிடிக்கவில்லையா, ஆகாதா, அலுத்துப்போயிற்றா?’ என்று தமிழில் திருப்பிக் கேளுங்கள். மூன்றில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுக்கும். நாளுக்கு ஒருமுறை இப்படிக் கேட்டால் ஓராண்டில் முந்நூறுக்கு மேற்பட்ட முறை பயிற்சி ஆகிவிடும். எந்தப் பயிற்சிப் புத்தகமும் அவ்வளவு பயிற்சி தராது. ஐயம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். அது சொற்பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் தருவதால், சொல் வழக்கில் எப்படி வருகிறது என்பது விளங்கும்.

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் கூடுதலாக இரண்டு மதிப்பெண் பெறுவதற்காக நான் இவ்வளவும் எழுதவில்லை. அதுவும் கிடைத்தால் மகிழ்ச்சிதான். தன்னை யாருக்கோ பிடிக்கவில்லை என்பது எந்தப் பிள்ளைக்கும் ஒருநாள் தெரியவரும். அது உலக இயல்பு. அந்நாளில் ‘எனக்கும் அவளுக்கும் இப்போது காய்’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளை அழுதுவிட்டு மறுநாள் பள்ளிக்கு வந்துவிடும். ‘நான் வெறுக்கப்படுகிறேன்’ என்னும் ஒரு சொல் மட்டுமே தெரிந்த பிள்ளை என்ன செய்யும் என்று எண்ணினால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் இப்பொருளில் வழங்கும் வேறு சொற்கள் இருந்தால் எழுதி உதவுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.